வழியை மறித்த சிவப்புக் கார்

கணவரின் சட்டைக்கு அவள் கடைசிப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் ஹாரன் அடித்தது. சவ ஊர்திதான் சீக்கிரம் வந்துவிட்டது என்று எல்லோரும் எழுந்தார்கள். வந்தது அதுவல்ல. கணவரின் காரை வாங்குகிறவர், அதை ஏற்றிக்கொண்டு போக லாரியோடு வந்து நின்றார்.

பாவம், அவருக்கு விஷயம் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன் என்று சொல்லிப் போனவர் சொன்னபடி வந்திருக்கிறார். அன்றைக்கு விடியும்போதுதான் விற்றவரின் உயிர் போகும் என்று அவர் கண்டாரா? விஷயம் தெரிந்ததும் அந்த மனிதருக்கு நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. இன்னொரு நாள் வருகிறேன் என்று முணுமுணுத்தார்.

இரண்டே பேர் உட்காரும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் அது. கல்யாணத்துக்கு முன்பே அவர் வாங்கியது. ஓடிய காலத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. பிறகு கூரைத் துணி கிழிந்தது, தரைத் தகடு துருவேறி ஓட்டை விழுந்தது, ஒருநாள் இன்ஜினும் வாயை மூடிக்கொண்டது. அடுத்த வருஷம் சரிபண்ணிவிடலாம் என்று வருஷாவருஷம் சொல்லி, வீட்டு வாசலுக்கும் கேட்டுக்கும் நடுவே அதைக் குடிவைத்திருந்தார். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் சுவரோடு ஒட்டி ஒருக்களித்துத்தான் நடக்க வேண்டும். அவள் அதற்குச் சக்களத்தி என்று பேர் வைத்திருந்தாள்.

விலைக்குக் கேட்டு வந்தவர்களிடம் அவர் காரின் குறைகளை ஒன்றுவிடாமல் சொல்லுவார், மகளைக் கட்டிக்கொடுக்க மனசில்லாத அப்பனைப் போல. வந்தவர்களும் தப்பித்தோம் என்று ஓடிப்போவார்கள். இன்று லாரியோடு வந்த இவர் மட்டும் போன வாரம் அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அத்தனையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாத்தையும் சரிபண்ணிடலாம் சார்" என்றார்.  கணவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "அப்ப எடுத்துக்கங்க" என்றார்.

இப்போது மகன் குறுக்கே நின்றான். அப்பா ஞாபகமாகக் கார் இங்கேயே இருக்கட்டும், நானே சரிபண்ணுகிறேன் என்றான். சைக்கிள் செயின் கழன்றாலே கடைக்குத் தள்ளிக்கொண்டு போகிறவன் அவன். அவளுக்குச் சிரிக்கவோ சண்டை போடவோ தெம்பில்லை. மாதக்கணக்கில் நோயாளியோடு விழித்திருந்த உடம்பு, உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது.

"எப்ப சரிபண்ணுவ? அடுத்த வருஷமா?"

அவன் ஒரு எட்டு விலகி நின்றான்.

"அப்பா குடுத்த வாக்கு, எடுத்துட்டுப் போகட்டும். அது நகராம அவரை எப்படி வெளியே கொண்டு போவீங்க?"

அதுவும் நிஜம்தான். அவரைத் தூக்கி வர நாலு பேர் வேண்டும். நாலு பேர் சேர்ந்து வர அங்கே இடம் ஏது?

வாங்குகிறவர் பம்பை எடுத்துவந்து, காற்றிறங்கிச் சப்பையாகக் கிடந்த டயர்களுக்குக் காற்றடித்தார். துக்கத்துக்கு வந்தவர்கள் இஸ்திரி போட்ட சட்டைக் கைகளைச் சுருட்டிக்கொண்டு பின்னால் போய் நின்றார்கள். ஸ்டீயரிங் பிடிக்க மகன் கதவைத் திறந்தான். அவள் அவனை நகரச் சொல்லிவிட்டுத் தானே ஏறி உட்கார்ந்தாள்.

அது அவள் இடம். ஒரே இடத்தில் நின்றால் டயர் ஒரு பக்கமாக அமுங்கிவிடும் என்று, ஞாயிற்றுக்கிழமைதோறும் அவளை அங்கே உட்காரவைத்து அவர் பின்னாலிருந்து தள்ளுவார். ஒரு வாரம் அரைச் சுற்று முன்னே, மறு வாரம் முன்னாலிருந்து தள்ளி அரைச் சுற்றுப் பின்னே. தள்ளிய பிறகு கத்த அவருக்கு மூச்சிருக்காது. போதும் என்பதற்குக் காரின் மேல்தகட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவார். அவள் பிரேக்கை மிதிப்பாள். ஊரில் மற்ற புருஷன் பெண்டாட்டிகள் எங்கெங்கோ போய்வந்தார்கள். இவர்கள் அதே ஒரு கை நீளத்தைப் போய்ப்போய் வந்தார்கள். அவர் படுக்கையில் விழுந்த பிறகு அதுவும் இல்லை.

கார் முனகிக்கொண்டு நகர்ந்தது. கேட்டைத் தாண்டித் தெருவில் இறங்கியது. காரை ஏற்ற லாரியிலிருந்து இறக்கிவைத்த சாய்பலகை நெருங்க நெருங்க, பிரேக், பிரேக் என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். அவளுக்குக் கேட்காமல் இல்லை. கால் பிரேக்கின் மேல்தான் இருந்தது. ஆனால் அது அழுத்தவில்லை, காத்திருந்தது. கார் போய்ப் பலகையில் மெல்ல இடித்துத் தானாக நின்றது.

வாங்குகிறவர் பதறி ஜன்னலருகே வந்தார்.

"பிரேக்கும் போச்சாம்மா? சார் எல்லாக் குறையும் சொன்னாரே, இதைச் சொல்லலையே?"

"பிரேக் நல்லாத்தான் இருக்கு" என்றாள். "யாரும் தட்டலை."

அவருக்குப் புரியவில்லை. அவள் இறங்குவதற்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அவள் காலை எடுக்காமல் பின்பக்கம் காட்டும் பக்கவாட்டுக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் மகன் கையைத் துடைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. அவனுக்குப் பின்னால் கேட்டிலிருந்து வாசல்வரைக்கும் இடம் வெறிச்சென்று கிடந்தது. நாலு பேர் தாராளமாக வரலாம்.