ஆர்ட்லி டன்க்லி பழுத்த வருடம்

ஜூன் மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலையில் ஆர்ட்லி டன்க்லி பாதத்திலிருந்து மஞ்சளாகத் தொடங்கினான். வியாழக்கிழமை மஞ்சள் கணுக்காலைத் தாண்டியது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வந்தபோது முழங்காலுக்குக் கீழே பழுத்த வாழையிலை நிறமும், முழங்காலுக்கு மேலே அவனுடைய வழக்கமான கருப்பும் கோடு போட்ட மாதிரி பிரிந்திருந்தன. கீழே சவ்லாமார் டவுன் ஆஸ்பத்திரியில் காமாலை என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். கண் வெள்ளை வெளேரென்று இருக்கும்போது என்ன காமாலை என்று அவர்களும் யோசிக்கவில்லை. கிளென்பார்ட் மலையில் இருந்த நாங்கள் எல்லாம் துவரைக்கு நடுவில் கஞ்சா போட்டுப் பிழைப்பவர்கள். மஞ்சள் அடியிலிருந்து மேலே ஏறினால் தழைச்சத்து போதவில்லை, பழைய இலையை உறிஞ்சிப் புது இலைக்குக் கொடுக்கிறது என்று எங்கள் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். ஆளுக்கு அது வந்தது மட்டும்தான் புதிது. அந்த வாரம் கோதுமை மாவின் விலை ஏறியதைப் பற்றி எவ்வளவு பேசினோமோ அவ்வளவு அதைப் பற்றியும் பேசினோம்.

இதில் வேடிக்கை, எங்கள் மலைக்கு இலை டாக்டரே ஆர்ட்லிதான். செத்துப்போன ஒரு கடிகாரக்காரனின் லென்ஸ் அவனிடம் இருந்தது. அதைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு இலையைத் திருப்பிப் பார்த்து, பேன், புழு, சாம்பல், பட்டினி என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவான். இருபது வருடம் அவன் சொன்னது பலித்தது. ஒரே ஒரு தடவை பலிக்கவில்லை. அது தவறிப்போய்ச் சொன்னதில்லை, தெரிந்தே சொன்ன பொய்.

ஏழு வருடத்துக்கு முன்னால், பெரிய புயல் அடித்ததற்கு முந்தின வருடம் நடந்தது அது. எர்வுட் என்பவன் ஊற்றடி நிலத்தைக் குத்தகைக்கு வைத்திருந்தான். மார்ச் மாதத்திலும் வற்றாத ஊற்று அது ஒன்றுதான், ஆர்ட்லிக்கு அதன்மேல் ரொம்ப நாளாகக் கண். அந்த வருடம் எர்வுட்டின் செடிகளில் நரம்பு பச்சையாக நிற்க, நடுவில் இருந்த சதை மட்டும் வெளுத்தது. அவன் மனைவி டெஸ்ரீன் ஓர் இலையைத் தன் வெள்ளைத் தலைத்துணியின்மேல் தட்டிப் பார்த்தாள். சிலந்திப்பேன் இருந்தால் துணியில் பொட்டுப் பொட்டாக விழுந்து ஊரும். எதுவும் ஊரவில்லை. ஆர்ட்லி லென்ஸை இடுக்கிப் பார்த்துவிட்டுப் பேன் என்றான்.

"எங்க பேன்? துணியில ஒண்ணுமே ஊரலயே" என்றாள் டெஸ்ரீன்.

"துணியே படிச்சுச் சொல்லிடும்னா நான் எதுக்கு லென்ஸைக் கட்டிக்கிட்டு அழறேன், மிஸ் டெஸ்?" என்றான் ஆர்ட்லி. பக்கத்தில் நின்ற நாங்கள் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

பெயர்ச்சீட்டு இல்லாத ஒரு தகர டப்பாவை அவன் எர்வுட்டிடம் கொடுத்தான். மற்றவர்களுக்கு ஒரு வாளிக்கு ஒரு மூடி என்று சொல்லும் மருந்து அது. எர்வுட்டுக்கு மூன்று மூடி, அதுவும் நடுமத்தியானம், காற்றைப் பார்த்து நின்று தெளிக்கச் சொன்னான். இரண்டே நாளில் செடிகள் வெந்த கீரையாகப் படுத்தன. பத்தொன்பதாம் நாள் எர்வுட் மூச்சு விட முடியாமல் செத்தான். அவன் செத்த ஒன்பதாம் நாள் சடங்குக்கு ஆர்ட்லி இரண்டு பாட்டில் ரம்மோடு வந்து எல்லாரையும்விட உரக்கப் பாடினான். ஆறு வாரத்தில் ஊற்றடிக் குத்தகை அவன் பெயருக்கு மாறியது. எங்களுக்கு விஷயம் புரியாமல் இல்லை. ஆனால் ஆளாளுக்குக் காட்டுவதற்கு ஓர் இலை இருந்தது, லென்ஸ் அவனிடம் இருந்தது, அதனால் வாயைப் பொத்திக்கொண்டோம். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. டெஸ்ரீன் மட்டும் மிச்ச மருந்தோடு அந்த டப்பாவைக் கொண்டுபோய் வேதப்புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். கல்லுக்காட்டில் பத்துச் செடி போட்டு, ஏழு வருடம் அவற்றின் இலைகளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். லென்ஸ் இல்லாமலே ஆர்ட்லியைவிட நன்றாகப் பார்க்கக் கற்றுக்கொண்டாள்.

மஞ்சள் தொடையில் ஏறியதும் ஆர்ட்லி அவள் வாசலுக்கு வந்து நின்றான். தன் காலைத் தானே லென்ஸில் பார்க்கப் பயமாக இருக்கிறது என்றான். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கால்சட்டையைச் சுருட்டச் சொல்லிப் பார்த்தாள்.

"பட்டினி, டாக்டர். குகையிலேருந்து வௌவால் எரு கொண்டாந்து கரைச்சு, செருப்பில்லாம அதுல நில்லு. காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம்."

அவன் கிளம்பும்போது ஒன்று கேட்டாள். "எர்வுட் செடியில என்ன இருந்துச்சு?"

"பேன்" என்றான் ஆர்ட்லி.

"சரி" என்றாள்.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அது பேன் இல்லை என்று ஊர் கேட்க அவன் வாயால் சொல்ல வேண்டும். பாஸ்டர் முதல் ரம் கடை பெர்லைன் வரை எல்லாரிடமும் அவள் இதைச் சொல்லியிருந்தாள், ஒளித்து வைக்கவில்லை. அதற்குப் பிறகு என்ன என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

ஆர்ட்லிக்குப் பேராசை கூடப்பிறந்தது. வேளைக்கு ஒரு மணி நேரம் நிற்கச் சொன்ன எருக்கரைசலை ஊற்றடி நிலத்தில் கொட்டி, நாள் முழுக்க அதிலேயே நின்றான். மஞ்சள் மறைந்தது, ஆனால் விரல்நுனிகள் காபிக்கொட்டை நிறத்தில் கருகிக் கீழ்நோக்கி வளைந்தன. எரு கூடிப்போனால் இப்படித்தான் ஆகும். அதோடு, ஜூலை முதல் வாரம் ஊற்றடி நிலத்திலிருந்து காலைத் தூக்கப் பார்த்தபோது தூக்க முடியவில்லை. வேர் பிடித்திருந்தது. அங்கேயே நின்றபடி மரவள்ளி ரொட்டியும் உப்பு மீனும் தின்றான், ரேடியோவில் கிரிக்கெட் கேட்டான், எங்கள் இலைகளையும் பார்த்துச் சொன்னான். டெஸ்ரீன் மூன்று நாள் வாளி வாளியாக நல்ல தண்ணீர் ஊற்றி மண்ணைக் கழுவினாள். விரல் நிமிர்ந்தது. எர்வுட் செடியில் என்ன இருந்தது என்று கேட்டாள். பேன் என்றான்.

ஜூலைக் கடைசியில் வறட்சியோடு நிஜமான பேனே வந்தது. தோளில் ஊசி குத்தின மாதிரி வெள்ளைப் புள்ளிகள், விரலிடுக்கில் மெல்லிய வலை. டெஸ்ரீன் அவன் முழங்கைக்குக் கீழே தலைத்துணியை விரித்துத் தட்டினாள். பொட்டுகள் விழுந்து நாலா பக்கமும் ஊர்ந்தன. இப்போது டப்பாவை எடுத்து வருவாள் என்று நினைத்து ஊற்றடியில் பாதி ஊர் கூடிவிட்டது. அவளோ சோப்புத் தண்ணீரில் காரமிளகாயைக் கரைத்து, அக்குளிலிருந்து காது மடலின் பின்பக்கம் வரை ஐந்து நாள் கழுவி, பேனைப் பூண்டோடு ஒழித்தாள். அடுத்த ஞாயிறு பாஸ்டர் அவளுடைய மன்னிப்பைப் பற்றி முக்கால் மணி நேரம் பிரசங்கம் செய்தார். அவள் நடுவில் எழுந்து போய்விட்டாள்.

"உனக்கு ரோஷமே இல்லையா?" என்று பெர்லைன் கேட்டாள். "என் புருஷனை ஒருத்தன் கொன்னிருந்தா அவனைப் பேனுக்கே தீனியா விட்டிருப்பேன்."

"நோயில செத்தா நோய் கொண்டுபோச்சும்பாங்க" என்றாள் டெஸ்ரீன். "இவன் நல்லா இருக்கணும், பெர்லைன். பச்சைப் பசேல்னு இருக்கணும்."

ஆகஸ்ட் பதினான்காம் தேதி ஆர்ட்லியின் மார்பில் அந்தப் பழைய இலையின் வெளுப்பு வந்தது. எலும்பும் நரம்பும் ஓடுகிற கோடெல்லாம் பச்சை, நடுவில் வெளிர் மஞ்சள். எர்வுட்டின் செடியில் நாங்கள் எல்லாரும் பார்த்த அதே மஞ்சள், அடியில் தொடங்கி மேலே போகிற அதே போக்கு. சேதி பரவி, மண்வெட்டியைப் போட்டுவிட்டு எல்லாரும் ஊற்றடிக்கு ஓடினோம். டெஸ்ரீன் ஒரு கையில் துணி, ஒரு கையில் டப்பாவோடு வந்தாள். துணியில் தட்டி, எல்லாருக்கும் சுற்றிக் காட்டினாள். ஒன்றும் ஊரவில்லை.

"நீயே சொல்லு, டாக்டர். இது என்ன?"

அவனுக்கு மூச்சு வாங்கியது. "பேன்தான்" என்றான். பழக்க தோஷம்.

"பேன்னா மருந்து கையிலயே இருக்கு. மூணு மூடி. வெயிலும் உச்சிக்கு வந்தாச்சு." அவள் டப்பாவை வாளியில் சாய்த்தாள். ஏழு வருடம் ஆகியும் அந்த நாற்றம் மாறவில்லை. எங்களில் சிலர் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தோம். காற்று அவன் முகத்துக்கு நேராக இருந்தது. அவள் தெளிப்பானை அவன் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"உப்பு" என்றான் ஆர்ட்லி. "உப்புதான், மிஸ் டெஸ்."

"சத்தமா சொல்லு. பெர்லைனுக்குக் காது மந்தம்."

"பேதி உப்பு. மக்னீசியம் இல்லாத மஞ்சள் அது, பேன் இல்லை. மருந்துக்கடைப் பொட்டலம் ஒண்ணு போதும், பத்து நாள்ல பச்சையாயிருக்கும். அன்னிக்கே எனக்குத் தெரியும். ஊற்று வேணும்னுதான் அப்படிச் சொன்னேன்."

அன்றைக்குச் சிரித்த நாங்கள் அவளுக்கு வழி விட்டு விலகினோம். டெஸ்ரீன் வாளியைத் தூரமாகக் கொண்டுபோய்ப் பாறையில் கொட்டினாள், அங்கே இன்றுவரை பாசி பிடிப்பதில்லை. பிறகு இடுப்பிலிருந்து பேதி உப்புப் பொட்டலத்தை எடுத்துத் தண்ணீரில் கரைத்து அவன் வேரில் ஊற்றினாள். பத்தாம் நாள் பச்சையானான். அவன் அழுது மன்னிப்புக் கேட்டபோதெல்லாம் சரி என்றாள். வாரம் இரண்டு தடவை எரு வைத்தாள், காற்றுக்குச் சாயாமல் முட்டுக் கொடுத்தாள், முதுகில் சாம்பல் பூத்தபோது பாலைத் தண்ணீரில் கலந்து துடைத்தாள். செப்டம்பரில் அவன் ஒன்பதடி உயரமாக, தோலெல்லாம் மினுமினுக்க நின்றான். வாழ்க்கையில் இவ்வளவு ஆரோக்கியமாக இருந்ததில்லை என்று அவனே எல்லாரிடமும் சொன்னான். கதை இங்கே முடிந்துவிட்டது என்று நினைத்தோம். டெஸ்ரீன் பகலின் நீளம் குறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பகல் குறையும்போது எங்கள் பயிர் பூவுக்கு வரும். பெண் செடியில் நார் நாராக வெள்ளை மயிர் தலைகாட்டும், ஆண் செடியின் கணுவில் குட்டிக் குட்டியாகப் பை தொங்கும். அந்தப் பை வெடித்துப் பொடி பறந்தால் மலையில் உள்ள பெண் பூவெல்லாம் விதை கட்டிவிடும், அதை எந்த வியாபாரியும் தொடமாட்டான். ஆகவே ஆண் என்று தெரிந்த அன்றைக்கே வேரோடு பிடுங்குவோம். அது யார் வயல், எவ்வளவு நல்ல செடி என்றெல்லாம் பார்ப்பதில்லை. கல்யாண வீட்டிலிருந்து எழுந்துபோய்ப் பிடுங்கியவர்கள் உண்டு.

செப்டம்பர் இருபத்தெட்டாம் தேதி ஆர்ட்லியின் அக்குளிலும் முழங்கை மடிப்பிலும் பைகள் தொங்கின. ஊற்றடி எங்கள் எல்லா வயலுக்கும் மேலே, காற்று வரும் பக்கத்தில் இருக்கிறது. நாங்கள் கூடிப்போய் டெஸ்ரீனின் வாசலில் நின்றோம். அவள் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்ட எதுக்கு வர்றீங்க? டாக்டர்கிட்டயே கேளுங்க, லென்ஸு அவன்கிட்டதானே இருக்கு."

ஆகவே ஆர்ட்லியிடமே போய்க் கேட்டோம். அவன் லென்ஸை இடுக்கித் தன் முழங்கையைப் பார்த்தான். அந்த ஒரு தடவை பொய் சொல்லியிருக்கலாம். இருபது வருடத் தொழில் புத்தி விடவில்லை. "ஆண்" என்றான். "ரெண்டு நாள்ல வெடிச்சிரும்." சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவனுக்கு உறைத்தது.

பிடுங்கும் வேலையை யாரும் டெஸ்ரீனிடமிருந்து பறிக்கவில்லை. பொடி பறக்காமலிருக்க நனைத்த கோணியை அவன் தலையிலும் தோளிலும் போர்த்தினாள். அவன் கோணிக்குள்ளிருந்து, "அதான் எல்லாத்தையும் சொல்லிட்டேனே, மிஸ் டெஸ்" என்றான்.

"சொன்னே. கேட்டுக்கிட்டேன்" என்றாள். இடுப்பைப் பிடித்து இரண்டு பக்கமும் அசைத்து மண்ணை இளக்கி, முழங்காலை மடக்கி, ஒரே இழுப்பாக இழுத்தாள். வேர் அறாமல் வெள்ளையாக வந்தது. மண்ணை உதறிவிட்டு, அன்றைக்கு மற்ற வயல்களில் பிடுங்கிய பதினோரு செடிகளோடு ஓடைக்கு அந்தப் பக்கம் வேர் மேலாகக் கிடத்தினோம். வெயில் நன்றாக அடித்ததால் நான்கு நாளில் காய்ந்தான். சவ்லாமாரிலிருந்து போலீஸ்காரர் வந்து பார்த்துவிட்டு, காய்ந்த செடிகள், எண்ணிக்கை பன்னிரண்டு என்று எழுதிக்கொண்டு போனார். அந்த வருடப் பூவில் மலை முழுக்கத் தேடியும் ஒரு விதை கிடைக்கவில்லை, நல்ல விலைக்குப் போனது.

அறுவடை முடிந்து பாஸ்டர் டெஸ்ரீனைப் பார்க்கப் போனார். ஊற்றடிக் குத்தகை அவள் பெயருக்கு மாறியிருந்தது. இப்போதாவது மனசு ஆறியதா என்று கேட்டார்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஆறிடுச்சு, பாஸ்டர். ஆனா வேர் சட்டுனு வந்துருச்சு. இன்னும் கொஞ்ச நேரம் கெட்டியாப் பிடிச்சிருந்தா நல்லாருந்திருக்கும்."