நகக்கண்ணில் இல்லாத பசை

கூடத்தில் கிடத்தியிருந்த அப்பாவின் உடலருகே, நகங்களைத் துடைக்க ஈரத்துணியோடு உட்கார்ந்தவள், துடைக்க ஒன்றுமில்லாமல் நிறுத்தினாள். பத்து விரலும் சுத்தமாக இருந்தன.

வில்வித்தை கிளப்பில் அம்புகளைப் பழுதுபார்ப்பது அவர் வேலை. கிழிந்த இறகைப் பிய்த்து, தண்டில் மிச்சமிருக்கும் பழைய பசையைச் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டுப் புது இறகு ஒட்டுவார். அந்தப் பசை நகக்கண்ணில் ஏறினால் சோப்புக்கெல்லாம் மசியாது, வேலையை விட்டு ரெண்டு மூணு நாளானால்தான் உதிரும். அவள் பட்டம் வாங்கிய அன்று எடுத்த போட்டோவில்கூடக் கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டுதான் நின்றார்.

கிளப் செயலாளர் வந்ததிலிருந்து ஒரே பாட்டு. மைதானத்தில் கோப்பைப் போட்டி நடந்துகொண்டிருந்ததாம். அப்பா பின்பக்கக் கொட்டகையில் இறகு பிய்த்துக்கொண்டே சாய்ந்துவிட்டாராம். மாரடைப்பு என்று டாக்டர் சொன்னதில் அவளுக்குச் சந்தேகமில்லை. யாரும் கேட்காமலே செயலாளர் கொட்டகை, கொட்டகை என்றாரே, அதுதான் இடித்தது.

"கடைசியா அவரு கைபட்ட அம்பும்மா" என்று பத்துப் பன்னிரண்டு அம்புகளைக் கட்டாகக் கட்டி வேறு தலைமாட்டில் வைத்திருந்தார்.

அவள் அம்புக்கட்டைப் பிரித்தாள். அம்மா முழங்கையால் இடித்தாள். பெரிய மனுஷங்க முன்னால படிச்ச திமிரைக் காட்டாதே என்று காலையிலிருந்து காதைக் கடித்துக்கொண்டிருந்தவள்.

இறகு போன தண்டுகளில் எல்லாம் பிளேடு இழுத்த கோடு. அப்பா கத்தியின் முதுகால்தான் சுரண்டுவார். கீறல் விழுந்த தண்டு, விடுகிறவன் கையிலேயே தெறிக்கும் என்று கொட்டகைக்குள் பிளேடையே சேர்த்ததில்லை.

"போட்டியை எப்ப சார் நிறுத்தினீங்க?"

"அதை எதுக்கும்மா நிறுத்தணும்? அவரு விழுந்தது ஓரமாத்தானே..." செயலாளர் மென்று விழுங்கினார். "கொட்டகையில. ஓரமா."

போட்டி நாட்களில் அவருக்குக் கொட்டகை வேலையே கிடையாது; இலக்குப் பலகைக்குப் பின்னால் புல்வெளியில் தவறிப்போகும் அம்புகளைப் பொறுக்க வெயிலில் அவரைத்தான் அனுப்புவார்கள். விழுந்தவரை யாரும் பார்க்கவில்லையா, பார்த்துவிட்டுக் கோப்பை முடியட்டும் என்று விட்டார்களா? எவ்வளவு நேரம் கிடந்தார்? அப்புறம்தானே கொட்டகைக்குத் தூக்கியிருக்கிறார்கள். அவர் இறகு பிய்த்ததாகக் காட்ட எவனோ அவசரத்தில் பிளேடைத் தேடியிருக்கிறான்.

அவள் வாயைத் திறப்பதற்குள் செயலாளர் குனிந்தார். "பார்க்கப் பார்க்க உங்களுக்குக் கஷ்டம். இதை நானே எடுத்துட்டுப் போயிடறேன்."

அம்மா அப்பாவின் தலையைக் கொஞ்சம் திருப்பினாள். காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த காய்ந்த புல்லை எடுத்து, வெளிச்சத்தில் பார்த்தாள்.

"அம்பு இருக்கட்டும்" என்றாள்.

அம்புக்கட்டை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, புல்லை அதன்மேல் வைத்தாள்.