மஞ்சள் கோட்டுக்கு மேலே

மரக் கிடங்கில் முதலாளியின் மருமகனை எல்லாரும் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டார்கள். அங்கே வேலை பார்க்க அவருக்கு இருந்த ஒரே தகுதியும் அதுதான் என்று ஸ்டோர் அக்கா நினைத்தாள். பதினாறு வருடமாக இருப்பைப் பார்த்துக்கொள்பவள் அவள். எந்த அடுக்கில் எந்த மரம், எப்போது வந்தது, எது இன்னும் காயவில்லை என்று கேட்டால் நோட்டைப் புரட்டாமலே சொல்வாள். மாப்பிள்ளையிடம் ஒரு ஈரப் பலகையையும் ஒரு காய்ந்த பலகையையும் காட்டினால் இரண்டும் மரம் என்று கண்டுபிடித்துவிடுவார். அதற்கு மேல் போகமாட்டார்.

வந்த முதல் வாரமே கையில் ஒரு டேப்லெட்டோடு சுற்றி, ஒவ்வொரு அடுக்கிலும் எண் போட்ட ஸ்டிக்கர் ஒட்டினார். ஈர மரத்தில் ஒட்டியதெல்லாம் மறுநாள் காலை தரையில் கிடந்தது. எது எந்த அடுக்குடையது என்று யாரையும் கேட்காமல், பொறுக்கிக் கைக்கு வந்தபடி மறுபடி ஒட்டினார். அன்றிலிருந்து டேப்லெட்டில் இருந்த ஸ்டாக்குக்கும் கிடங்கில் இருந்ததற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

இரண்டாவது வாரம் ஒரு லாரி ஈரப் பலகை வந்து இறங்கியது. வைக்க இடமில்லை. கிடங்குச் சுவரில் நான்கு பலகைக் கட்டு உயரத்தில் ஒரு மஞ்சள் கோடு உண்டு. அதைத் தாண்டி எதையும் அடுக்கக் கூடாது. மாப்பிள்ளை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கூரையை அண்ணாந்து பார்த்தார். மேலே இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே என்றார்.

“நாலு கட்டுக்கு மேல போனா நிக்காது சார். அதுவும் பச்சை மரம். காயக் காய நெளியும், அடுக்கு சாயும்” என்றாள் ஸ்டோர் அக்கா.

சின்னப் பிள்ளை எதையோ உளறியதுபோல் அவர் சிரித்தார். சாப்பாட்டு நேரம் முடிந்ததும் ஒரு பெயின்டரைக் கூட்டிவந்து பழைய கோட்டை அழித்துவிட்டு, அதற்கு இரண்டு கட்டு மேலே புதிதாகப் போடச் சொன்னார்.

“இப்ப எல்லாம் கோட்டுக்குக் கீழதானே இருக்கு?” என்றார், ஆறு கட்டு அடுக்க வைத்துவிட்டு.

மிச்சமிருந்த கட்டுகளை அடுக்குகளுக்கு நடுவே ஆள் நடக்கும் வழியில் இறக்க வைத்தார்.

முதலாளிக்கு அவள் ஒரு போன் போட்டிருக்கலாம். அந்த அடுக்கைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டி யாரும் கிட்டே போகாமல் நிறுத்தியிருக்கலாம். அதற்கு அவளுக்கு அதிகாரம் உண்டு. செய்யவில்லை. படட்டும், அப்போதுதான் புத்தி வரும் என்று விட்டுவிட்டாள். வீட்டில் தங்கச்சியிடம் கோடு போட்ட கதையை மாப்பிள்ளை மாதிரியே நடித்துக் காட்டினாள். தங்கச்சி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அடுத்த பத்து நாளும், ஆறாவது கட்டு இன்று எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்ப்பதற்காகவே அவள் வேலைக்குச் சீக்கிரம் வந்தாள்.

இருப்பு சரிபார்க்கும் நாள் வந்தது. அந்த அடுக்கில் நாற்பத்திரண்டு பலகை என்றது டேப்லெட். முப்பத்தாறு என்றது அவள் நோட்டு. தானே ஏறி எண்ணிக் காட்டுவதாக மாப்பிள்ளை கிளம்பினார். காலில் கான்வாஸ் ஷூ, தலையில் ஹெல்மெட் கிடையாது. ஏணியைப் பிடித்துக்கொள்ள ஃபோர்க்லிஃப்ட் டிரைவரைக் கூப்பிட்டார். டிரைவர் அடுக்கைப் பார்த்தார், பிறகு ஸ்டோர் அக்காவைப் பார்த்தார். அவள் நோட்டுக்குள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் போய் ஏணியைப் பிடித்தார்.

மேல் படிக்குப் போன மாப்பிள்ளை, ஆறாவது கட்டில் துருத்திக்கொண்டிருந்த ஒரு பலகையைப் பிடித்து எம்பினார். கட்டு அப்படியே வழுக்கியது. அவர் பக்கத்து அடுக்கின் மேல் தாவி, நாலு காலில் அப்பிக்கொண்டார். கீழே இருந்தவருக்குத் தாவ இடமில்லை. வழி முழுக்கக் கட்டுகள். பலகைகள் அவர் தோளில் இறங்கின.

டேப்லெட் உடைந்துவிட்டதா பாருங்கள் என்பதுதான் மேலிருந்து வந்த முதல் பேச்சு. ஸ்டோர் அக்காவும் இன்னும் இரண்டு பேரும் பலகைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் போட்டு டிரைவரை வெளியே இழுத்தார்கள். தோளில் காறை எலும்பு முறிந்திருந்தது. முகம் வெளுத்துக் கிடந்த அவர் அவளைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

“உங்களுக்குத் தெரியும்ல அக்கா?”

அவள் ஆம்புலன்ஸுக்குப் போன் போடத் திரும்பினாள்.

சாயங்காலம் முதலாளி வந்தார். விபத்துப் பதிவேட்டை அவள் முன் வைத்து, ஏணி வழுக்கியது என்று எழுதச் சொன்னார். வீட்டு மனுஷன் பெயர் வெளியே வர வேண்டாமாம். பதினாறு வருடமாக அவர்மேல் அவள் வைத்திருந்த மரியாதை அந்த ஒரு பேச்சில் போனது. இவருக்குப் போய் எப்படி இப்படி ஒரு மருமகன் வாய்த்தார் என்று இத்தனை நாள் யோசித்ததுதான் வீண் என்று பட்டது.

அவள் நடந்ததை எழுதினாள். கோட்டை மாற்றிய தேதி, மாற்றச் சொன்னவர், வழியை அடைத்தது. கடைசியில், ஸ்டோர் பொறுப்பாளருக்கு இது தெரியும், தெரிந்தும் தடுக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

முதலாளி இரண்டு தடவை படித்தார். “உன்னை எதுக்கும்மா இதுல இழுத்துவிட்டுக்கிறே? எடுத்துடு. அப்படியே மாப்பிள்ளை பேரையும் எடுத்துடு.”

“ரெண்டு பேர் பேரும் இருக்கட்டும் சார். கிழிச்சீங்கன்னா, இதையே எழுதி ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் ஆபீஸ்ல நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்.”

அவர் கிழிக்கவில்லை. அந்த வாரமே அங்கிருந்து அதிகாரிகள் வந்து பதிவேட்டைப் பார்த்து, அடுக்கைப் பிரிக்க வைத்தார்கள். எண்ணியபோது முப்பத்தேழு பலகை இருந்தது. மாப்பிள்ளையை முன்னறையில் போன் எடுக்க உட்கார வைத்தார்கள். பெரிய விபத்தில் மயிரிழையில் தப்பியதை அவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். தோள் முறிந்தவரைப் பற்றி அந்தக் கதையில் ஒரு வார்த்தை இருக்காது. ஸ்டோர் அக்கா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் தங்கச்சியிடம் அதற்கப்புறம் அவரை நடித்துக் காட்டவில்லை.

இரண்டு மாதம் கழித்து டிரைவர் வேலைக்குத் திரும்பினார். தோள் ஒரு பக்கம் சற்று இறங்கியிருந்தது. அவள் எழுந்து நின்று ஏதோ சொல்ல ஆரம்பித்தாள்.

“எந்த அடுக்குல எடுக்கணும்னு சொல்லுங்கக்கா” என்றார் அவர்.

அவள் சொன்னாள். அது பாதுகாப்பாக இருக்கிறது, தானே பார்த்துவிட்டதாகவும் சொன்னாள். முன்பெல்லாம் அவ்வளவு சொன்னால் போதும், அவர் வண்டியை எடுத்துவிடுவார். இப்போது தலையை மட்டும் ஆட்டிவிட்டு, நடந்துபோய் அடுக்கை நாலு பக்கமும் சுற்றி, மேலேயும் கீழேயும் பார்த்து, கையால் தட்டிப் பார்த்தார். பிறகுதான் வண்டியில் ஏறினார்.