பள்ளத்தில் படம் தெளிந்த நாள்

சாப்பாட்டு டப்பாவை வழக்கம்போல இயந்திரத்தின் தலையில், சூடான காற்று வெளியேறும் கம்பிவலைமேல் வைத்துவிட்டு ஆபரேட்டர் விசையைக் கீழே தள்ளினார். உள்ளிருந்த விசிறிகள் முனகி முனகி நின்றன. இரைச்சல் போனதும் வெளியே கம்பத்தின் இழுகம்பிகளில் காற்று உரசுவது கேட்டது.

பெரிய டவரின் ஒளிபரப்பு மலைக்குப் பின்னாலிருந்த பள்ளத்து வீடுகளுக்கு எட்டாது. அதை வாங்கி அந்தப் பக்கம் இறக்கிவிடத்தான் மேட்டில் இந்த ரிலே நிலையம். அவர் ஒருவர்தான் ஆள். ஒப்பந்த வேலை. இயந்திரத்துக்கு அடுத்த அறைதான் வீடு.

இப்போது பெரிய டவரில் இன்னும் வலுவான புது ஒளிபரப்பு வந்திருந்தது. பள்ளத்தில் வீடு வீடாக டிவியோடு இணைக்கும் புதுப் பெட்டியும் கொடுத்தாயிற்று. முந்தின நாள் இன்ஜினியர் போனில் சொன்னார்.

"காலையில ரிலேவை அணைச்சுடுங்க. பெட்டி தானா பெரிய டவரைப் பிடிக்குதான்னு பார்ப்போம். பிடிக்கலைன்னா புகார் வரும், உடனே போட்டுடுங்க."

"வரலைன்னா சார்?"

"வரலைன்னா ரிலே எதுக்கு?"

புகார் சொல்லப் பள்ளத்தில் ஒரே ஒருத்திதான், தையல்காரி. படத்தில் ஒரு கட்டம் உடைந்தால் போதும், மெஷினை நிறுத்திவிட்டு மேட்டுக்குப் போன் போடுவாள். அவள் முகத்தை அவர் பார்த்ததில்லை. சில வாரங்களில் அவர் காதில் விழுந்த மனுஷக் குரல் அது ஒன்றுதான். படம் கொஞ்சம் உடைந்தால் தேவலை என்றுகூடச் சில நாள் அவருக்குத் தோன்றியிருக்கிறது.

போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தூசி இல்லாத மேசையைத் துடைத்தார். சாப்பிடப் போனால் அந்த நேரம் பார்த்து மணி அடிக்கும் என்று சாப்பிடவும் போகவில்லை.

வெயில் ஜன்னலைத் தாண்டிய பிறகு போன் அடித்தது.

"அண்ணே, நான்தான்."

"சொல்லும்மா. படம் போச்சா?" சட்டென்று எழுந்துவிட்டார்.

"போறதா! கண்ணாடி மாதிரி இருக்குண்ணே. செய்தி வாசிக்கறவ ரவிக்கைக் கழுத்துல போட்ட தையலை ஒண்ணொண்ணா எண்ணிட்டேன். அத்தை என்ன சொல்றாங்க தெரியுமா? அவ கன்னத்துல மச்சம் இருக்காம். ரெண்டு வருஷமா பார்க்கறோம், நேத்து வரைக்கும் இல்லாத மச்சம்!"

பின்னாலிருந்து அவள் மாமியாரின் குரல் கேட்டது. "மச்சமா பருவான்னு அந்தத் தம்பியைக் கேளு."

"பருவா இருந்தா அவர் வந்து கிள்ளி விடுவாரா? சும்மா இருங்க அத்தை. ஏண்ணே, சத்தம்கூட ஒரு தடவை அறுந்து போகலை. அப்படி என்ன பண்ணீங்க?"

"அணைச்சு வச்சிருக்கேன்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "போங்கண்ணே, கேலி பண்ணாதீங்க. அணைச்சு வச்சா எப்படிப் படம் வரும்? எத்தனை தடவை போன் போட்டு உசிரை வாங்கியிருக்கேன், ஒரு நாள் சலிச்சுக்கிட்டதில்லை நீங்க. இன்னிக்கு நல்லா இருக்குன்னு சொல்லக்கூட ஒரு போன் போடலைன்னா நான் என்ன மனுஷி?"

விசை அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. மேலே தள்ளினால் ரிலேயின் அலை குறுக்கிட்டு, பள்ளத்தில் படம் பழையபடி கட்டம் கட்டமாக உடையும்.

"அண்ணே, இருக்கீங்களா?"

"இருக்கேன்மா."

"ஒண்ணே ஒண்ணு. இனிமே அதுல கை வச்சிடாதீங்க. அப்படியே விட்டுடுங்க."

"சரிம்மா."

"இனி உங்களுக்கு என் தொல்லை இல்லை" என்று சிரித்துக்கொண்டே போனை வைத்தாள்.

சாயங்காலம் இன்ஜினியர் கூப்பிட்டார். "புகார் ஏதாவது?"

"வரலை சார்."

"ரொம்ப சந்தோஷம். நாளைக்குக் கழட்ட வண்டி வரும். நீங்களே கூட நின்னு இறக்கிக் கொடுத்துடுங்க, உங்களுக்குத்தான் நெளிவு சுளிவு தெரியும். அந்த அறைச் சாவியையும் டிரைவர்கிட்ட கொடுத்துடுங்க."

ஆபரேட்டர் எழுந்து டப்பாவை எடுத்தார். தகரம் சில்லென்றிருந்தது. மூடியைத் திறக்காமல் வெளியே கொண்டுபோய், மேட்டுப் பாறையில் இன்னும் கொஞ்சம் வெயில் மிச்சமிருந்த இடமாகப் பார்த்து வைத்தார். நிழல் நகர நகர, டப்பாவையும் நகர்த்தி வைத்துக்கொண்டே இருந்தார்.