நாற்பத்தொரு மடைகள்

புங்கடி வாய்க்காலைத் தூர்வார எழில்மொழி பன்னிரண்டு நாள் கேட்டிருந்தாள். நான்கு கிலோமீட்டர், ஒரு பொக்லைன், ஆறு பேர். அவளே தேதி சொல்லி வாங்கிய முதல் வேலை அது. சொன்ன நாளில் ஒப்படைத்தால் அடுத்த மாதம் பேராவூரணி வேலையும் அவள் குழுவுக்கு. இல்லையென்றால் வேறு குழுவுக்கு. மேலாளர் தங்கமணி இதை ஒளிக்காமல் சொல்லியிருந்தார்.

பதினோராம் நாள் காலையிலேயே வேலை முடிந்தது. எழில்மொழி போட்டோ எடுத்து மேலாளருக்கு அனுப்பினாள். பொக்லைன் ஓட்டுகிற தியாகேசன் மோர் குடித்துக்கொண்டிருந்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த விவசாயி ஐயாவு வாய்க்காலை எட்டிப் பார்த்தார்.

"நல்லா ஆழமா வெட்டியிருக்கீங்க. எங்க மடையைத்தான் காணோம்."

கரையில் பதித்த சிமெண்டுக் குழாய்தான் மடை. வயலுக்குத் தண்ணீர் அதன் வழியாகத்தான் திரும்பும். வேலை தொடங்கும் முன் நடந்த கூட்டத்தில் ஊரார் ஒன்றே ஒன்று கேட்டார்கள். ரோட்டுப் பக்கம் சேறு கொட்டக் கூடாது, பள்ளிக்கூட வேன் வர வேண்டும். எழில்மொழி உடனே ஒப்புக்கொண்டாள். சேறெல்லாம் எதிர்க்கரையில் ஏறியது. எதிர்க்கரையில் என்ன இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. மடையை விட்டுவைப்பார்கள் என்று அவர்களும் இருந்துவிட்டார்கள்.

"மொத்தம் எத்தனைங்க?"

"நாப்பத்தொண்ணு."

தியாகேசன் டம்ளரைக் கீழே வைத்தார். "நீளம், ஆழம் எல்லாம் சரியா இருக்கு மேடம். கையெழுத்து வாங்கிட்டுப் போயிரலாம்."

"தண்ணி கையெழுத்தைப் பார்த்தா வயலுக்குள்ள வரும்?" என்றாள் எழில்மொழி.

அவள் தங்கமணியை அழைத்தாள்.

"சார், வேலை முடியலை."

"இப்பத்தானே போட்டோ அனுப்பின?"

"மடையெல்லாம் மூடிட்டோம். நான்தான் கவனிக்கலை."

"எத்தனை நாள் வேணும்?"

"தேதி அதேதான் சார், நாளைக்கு. முடியாதுன்னு தெரிஞ்சா மத்தியானமே சொல்லிடுறேன்."

"அதை மட்டும் செய். சாயங்காலம் என்னை வரவெச்சுட்டு முடியலைன்னு நிக்காத."

குத்துமதிப்பாகத் தோண்டினால் குழாய் உடையும். ஐயாவு சொன்னார், "அவங்கவங்க மடை அவங்கவங்களுக்குத் தெரியும்."

"அப்ப எல்லாரையும் வந்து நிக்கச் சொல்லுங்க."

மறுநாள் காலை ஆறு மணிக்கு நான்கு கிலோமீட்டர் நீளத்துக்கு ஆட்கள் சேற்றுமேட்டின் மேல் நின்றார்கள். அவரவர் மடைக்கு நேரே. குடையோடு ஒருவர், தூக்குச்சட்டியோடு ஒருவர். பாபநாசத்தில் கடை வைத்திருப்பவர் சலவைச் சட்டையோடு நின்றார்.

"மாப்பிள்ளை அழைப்புக்கு நிக்கிற மாதிரியில்ல நிக்கிறாங்க," என்றார் தியாகேசன்.

பொக்லைன் ஒவ்வொருவர் முன்பும் நின்று மேல்சேற்றை வழித்தது. மிச்சத்தைக் குழுவின் ஆட்கள் மண்வெட்டியால் எடுத்தார்கள். குழாய் தெரிந்ததும் நின்றவர் வீட்டுக்குப் போனார். பன்னிரண்டு மணிக்கு இருபத்தெட்டு முடிந்திருந்தது. எழில்மொழி தங்கமணிக்கு "முடிஞ்சுடும்" என்று அனுப்பினாள்.

மூன்று மணிக்கு நாற்பது. ஒன்றுக்கு மட்டும் ஆள் இல்லை. ராமாயியின் மடை. மகளின் பிரசவத்துக்காக அவள் நாகப்பட்டினம் போயிருந்தாள். ஐயாவு ஓர் இடத்தைக் காட்டினார், பிறகு இன்னோர் இடத்தை. எழில்மொழி வீடியோவில் அழைத்தாள்.

"போனைக் கீழ காட்டும்மா. உன் மூஞ்சி எனக்கெதுக்கு," என்றாள் ராமாயி. "எங்க வரப்பு முடியுதில்ல, அங்கேருந்து மேக்க ரெண்டு எட்டு."

"யாரு எட்டு?"

"என் எட்டுதான். நீ நோஞ்சானா இருக்க, மூணா வை."

எழில்மொழி மூன்று எட்டு வைத்தாள். மண்வெட்டி சிமெண்டில் தட்டியது.

"கேட்டுச்சு. வைக்கிறேன், பிள்ளை அழுவுது."

நாலரைக்கு தங்கமணி வந்தார். ரோட்டில் நின்று பார்க்கவில்லை. எதிர்க்கரையில் ஏறி, கால்சட்டையை மடித்துக்கொண்டு, ஒவ்வொரு மடையாகக் குனிந்து பார்த்தபடி கடைசிவரை நடந்தார். அவள் பின்னால் நடந்தாள். கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டார்.

"பேராவூரணிக்கு எத்தனை நாள் வேணும்?"

"போய், ரெண்டு கரையும் நடந்து பார்த்துட்டுச் சொல்றேன் சார்."

"சரி," என்றார் அவர்.