மொட்டையாகப் பேசிய வருஷங்கள்

மூத்தவள் வேலை பார்க்கும் அகராதி அலுவலகத்தில் ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை. அட்டையின் மேற்பாதியில் சொல், அது பிறந்த வேர், அதே ஒலி வேறு மொழிகளில் என்னவாக இருக்கிறது என்ற விவரம். கீழ்ப்பாதியில் 'வழக்கு'. அதாவது, உயிரோடு இருக்கும் யாரோ ஒருவர் அந்தச் சொல்லை வைத்து உண்மையிலேயே பேசிய ஒரு வாக்கியம். இட்டுக்கட்டி எழுதக் கூடாது. தலைமைப் பதிப்பாசிரியர் எதற்கெடுத்தாலும் "சான்று எங்கே?" என்று கேட்டுக் கேட்டு, அவர் பெயரே சான்று சார் ஆகிவிட்டது.

உறவுச் சொற்கள் தொகுதியில் அந்தத் திங்கட்கிழமை அவள் மேசைக்கு வந்தது 'சித்தி'.

மேற்பாதியை மதியத்துக்குள் முடித்துவிட்டாள். 'சிறு' என்பதிலிருந்து வந்தது, சின்ன அம்மா. அம்மாவின் தங்கை, சித்தப்பாவின் மனைவி, அப்பாவின் இரண்டாம் மனைவி, மூவருக்கும் ஒரே சொல். வடமொழியிலிருந்து வந்த இன்னொரு சித்திக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. அது கைகூடுவது, முயற்சி பலிப்பது. அரபு தெரிந்த அடுத்த மேசை மொழிபெயர்ப்பாளரிடம் போனாள்.

"ஸித்தீன்னா 'என் சீமாட்டி'," என்றார் அவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு. "சில பக்கம் பாட்டியையே அப்படித்தான் கூப்பிடுவாங்க. அதே வார்த்தை கப்பலேறி மலாய்க்குப் போய்ப் பொண்ணுங்க பேருக்கு முன்னாடி ஒட்டிக்கிச்சு. இத்தாலிக்காரங்ககிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. கிட்டத்தட்ட அதே மாதிரி அவங்க சொன்னா, 'எல்லாரும் வாய மூடுங்க'ன்னு அர்த்தம்."

"எங்க வீட்டுக்கு அதான் பொருத்தம்," என்று சிரித்தாள்.

கீழ்ப்பாதி காலியாகவே இருந்தது. அந்தப் பக்கம் வந்த சான்று சார் அட்டையைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, வீட்லயே ஒரு சித்தி. காலையில அவங்ககிட்ட என்ன சொன்னீங்களோ அத எழுதிட்டுப் போங்க," என்றார்.

காலையில் அவள் என்ன சொன்னாள்? "மாத்திரை மேசை மேல இருக்கு." நேற்று? "குளிக்கத் தண்ணி சூடாயிடுச்சு." முப்பத்தெட்டு வருஷமாக இதே கதைதான். எல்லாம் சொல்லியிருக்கிறாள், யாரிடம் என்பதை மட்டும் சொன்னதில்லை.

அவளுக்கு ஒன்பது வயதிருக்கும்போது அந்தப் பெண் இரண்டு பெட்டியும் ஒரு தையல் மிஷினுமாக வீட்டுக்குள் வந்தாள். "சித்தின்னு கூப்பிடு," என்றார் அப்பா. கூப்பிட்டிருக்கலாம். ஆனால் அந்த வார்த்தையில் ஏற்கெனவே ஆள் இருந்தது. அம்மாவின் தங்கை. இறந்துபோன அம்மாவின் குரல் அப்படியே அந்தச் சித்திக்கு; கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அம்மாவே பேசுவது போலிருக்கும். அந்த வார்த்தையை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டால் அந்தக் குரலும் போய்விடும் என்று சின்னப் பெண்ணுக்கு ஒரு பயம். இதை யாரிடம் சொல்வாள்? கிணற்றில் போட்ட கல்லாக நின்றாள்.

"விடுங்க," என்றாள் வந்தவள். "வாய்க்கு வரப்போ வரட்டும்."

அதற்கப்புறம் அவள் கேட்கவே இல்லை. மூத்தவளும் தலையைச் சுற்றி மூக்கைத் தொடக் கற்றுக்கொண்டாள். பக்கத்தில் போய் நிற்பாள், மிஷின் சக்கரம் நிற்கும், நிமிர்ந்த கண்ணில் "என்ன?" இருக்கும். சீப்பை நீட்டினால் தலை பின்ன வேண்டும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றால் பள்ளிக்கூடம் இல்லை. தூரத்திலிருந்து கூப்பிட வேண்டியிருந்தால், பின்னால் அவளுக்குப் பிறந்த தங்கையை அனுப்புவாள். "போய் உங்கம்மாவ வரச் சொல்லு." தங்கை பேசப் பழகியதில் பாதி இந்தத் தூது வேலையில்தான்.

எத்தனை நல்ல நாட்கள் அவை! ஜன்னல் வெளிச்சத்தில் நூலைப் பல்லால் கடித்து அறுக்கும் சித்தி, துணித் துண்டுகளுக்கு நடுவே வீட்டுப்பாடம் எழுதும் இவள். கல்லூரிக்குப் போன முதல் நாள் போட்டுக்கொண்ட சாம்பல் நிறச் சட்டையின் உட்புறத் தையல்கூட வெளிப்புறம் போல அவ்வளவு சுத்தமாக இருந்தது. "உள்ள யார் பாக்கப் போறாங்க?" என்று மொட்டையாகத்தான் கேட்டாள். "போட்டுக்கிறவளுக்குத் தெரியுமே," என்று பதில் வந்தது. ஒரு வார்த்தை குறைந்ததாக அப்போது இருவருக்கும் தோன்றவில்லை. அம்மாவின் தங்கை எப்போதோ தொலைதூரம் போய், கடிதம் குறைந்து, வருஷத்துக்கு ஒரு போன் என்றாகியிருந்தாள். வார்த்தை ஆளில்லாமல் கிடந்தது. ஆனாலும் பழக்கம் விடவில்லை.

இப்போது அப்பா இல்லை. சித்தியின் கண்ணும் போய்விட்டது. நரம்பு காய்ந்துவிட்டது, இனி திரும்பாது என்றார் கண் டாக்டர். ஜன்னல் இருக்கும் திசை மட்டும் தெரிகிறதாம்.

அந்தத் திங்கட்கிழமை மாலை பஸ்ஸில் முன் சீட்டிலிருந்த ஒரு குழந்தை, "சித்தி, ஜன்னல் எனக்கு!" என்று கத்தியது. மூத்தவள் டிக்கெட்டின் பின்பக்கத்தில் தேதியோடு குறித்துக்கொண்டாள். மறுநாள் அட்டை நிறைந்து சான்று சாரிடம் போய்ச் சேர்ந்தது. அகராதியின் பாடு முடிந்தது.

அவள் பாடு முடியவில்லை. புதன்கிழமை தங்கை போன் செய்தாள்.

"அக்கா, ஞாயித்துக்கிழமை காலையில வந்து அம்மாவ அழைச்சுட்டுப் போறேன். நீயும் ஆபீஸ் போயிடுற, தனியா எப்படி இருப்பாங்க?"

"பகலுக்கு ஒரு ஆள் பாத்து வச்சிருக்கேன்டி. இங்கேயே இருக்கட்டும்."

"இத என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? அம்மாகிட்ட கேட்டேன். 'அவ ஒரு வார்த்த இருன்னு சொல்லலையே, நானா எப்படி ஒட்டிக்கிட்டு இருக்கிறது'ங்கிறாங்க. வாயத் தொறந்து சொன்னா முத்தா உதிர்ந்துடும்?"

போனை வைத்துவிட்டு வெகுநேரம் சமையலறையில் நின்றாள். வீட்டில் சித்தி இல்லாத ஒரு மாலையை நினைத்துப் பார்த்தாள். கதவைத் திறந்ததும் விளக்கைத் தானே போட வேண்டும். கண் தெரியாதவள் எதற்கு விளக்குப் போடுகிறாள் என்றால், இவள் வரும்போது இருட்டாக இருக்கக் கூடாதாம்.

சனிக்கிழமை காலை, இருவரும் சாப்பிட உட்கார்ந்தபோது துணிந்துவிட்டாள். "ஒண்ணும் அவசரமில்ல. இங்கேயே சமாளிச்சுக்கலாம். போக வேண்டாமே," என்றாள்.

சித்தி மெல்லுவதை நிறுத்திக் காத்திருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "போன்ல யாரு? பேசிட்டு வா, நான் மெதுவா சாப்பிடறேன்," என்றாள்.

மூத்தவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷம் அவளுடைய மொட்டை வாக்கியங்களை உரியவளிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவை அந்தக் கண்கள்தான். முகத்தைப் பார்த்து, இது நமக்கு என்று எடுத்துக்கொண்ட கண்கள். இப்போது அவள் பேசுவது அறைக்குள் முகவரி இல்லாமல் அலைகிறது. அவள்தான் விலாசம் எழுத வேண்டும்.

சாயங்காலம் சித்தி கட்டிலில் உட்கார்ந்து, தடவித் தடவித் துணிமணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். மூத்தவள் வாசற்படியில் நின்றாள். நாற்பத்தேழு வயதில் ஒரு சொல்லுக்கு இத்தனை ஒத்திகையா? அலுவலகத்தில் நாள் முழுக்க எழுதிய சொல். அரபு வரை போய் விசாரித்த சொல்.

"சித்தி."

மடித்துக்கொண்டிருந்த கைகள் நின்றன. சித்தி முகத்தைத் தூக்கி, வாசல் பக்கம் திருப்பி, அவசரமாக முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள்.

"உங்க சித்தியா? சொல்லாம கொள்ளாம வந்துட்டாங்களா! உள்ள வரச் சொல்லு. நாற்காலில துணி கிடக்கும், எடுத்துப் போடு முதல்ல."

"யாரும் வரல."

"பின்ன யாரக் கூப்பிட்ட?"

"உங்களத்தான்."

பக்கத்து வீட்டில் யாரோ குழாயை மூடினார்கள். அதுவரை தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது என்பதே அப்போதுதான் தெரிந்தது. மூத்தவள் போய்க் கட்டிலில், பெட்டிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.

"போகாதீங்க சித்தி. எனக்காக இருங்க."

சித்தி மடித்த துணியை மடிமீது வைத்து, ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள். நீவின இடத்தையே நீவினாள்.

"இந்தக் காதும் போயிருந்தா என்னடி பண்ணியிருப்ப?" என்றாள் கடைசியில். குரல் கொஞ்சம் பிசிறியது. "இவ்வளவு நாள் கழிச்சுக் கூப்பிட்டா, எனக்குத் திரும்பிப் பாக்கக்கூடத் தெரியல பாரு."

"தப்புதான்."

"தப்புன்னு யாரு சொன்னா? போன எடுத்து அவளுக்குப் போட்டுக் குடு."

ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தாள். தங்கை எடுத்தாள். சித்தி போனை இறுக்கிப் பிடித்து, காதில் வைக்காமல் வாய்க்கு நேரே வைத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி பேசினாள்.

"நாளைக்கு வா. சாப்பிட்டுட்டு நீ மட்டும் கிளம்பு. நான் வரல."

"ஏன்மா, என்ன ஆச்சு?"

"உங்க அக்கா இருக்கச் சொல்றா."

"சொன்னாளா? அவளேவா? உன்னக் கூப்பிட்டாளா?"

சித்தி போனை மூத்தவள் இருந்த திசைக்கு நீட்டினாள். "நீயே சொல்லு," என்றாள். "நான் சொன்னா இவ நம்ப மாட்டா."