மூன்று திரைகளிலும் ஒரே நிழல்

யுவராணி மாரண்டஹள்ளியிலிருந்து தினமும் பஸ் ஏறி, தருமபுரியில் ஒரு கல்லூரியில் கிராஃபிக் டிசைன் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருடமாகக் கல்லூரி லேபிலேயே வேலையை ஒப்பேற்றினாள். மூன்றாம் வருடத்தில் ஒரு முழுப் புத்தகத்தை அட்டை முதல் கடைசிப் பக்கம் வரை வடிவமைத்துத் தரச் சொன்னார்கள். லேபை மாலை ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள். சொந்தமாகக் கம்ப்யூட்டர் இல்லாமல் இனி முடியாது என்று ஆகிவிட்டது.

அவளுடைய அப்பாவுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. ஞாயிற்றுக்கிழமைதான் ஊருக்கு வருவார். அதனால் சத்துணவுக் கூடத்தில் சமைக்கும் அம்மா சென்னம்மாள் ஒரு சனிக்கிழமை காலை மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினாள். கிளம்பினாளே தவிர, கம்ப்யூட்டர் மகளின் கண்ணைக் கெடுத்துவிடுமோ என்று அவளுக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. யுவராணியின் இடது கண் சிறுவயதிலிருந்தே மங்கல். ஐந்து வயதில் பள்ளிக்கூடத்து டீச்சர் சொல்லியனுப்பியபோது, வளர வளரச் சரியாகிவிடும் என்று சென்னம்மாள் இருந்துவிட்டாள். பத்து வயதில் டாக்டரிடம் காட்டினபோது, இனி அந்தக் கண்ணுக்குப் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது என்றார். அன்றிலிருந்து யுவராணி பார்த்ததெல்லாம் வலது கண்ணால்தான், அதுவும் தடித்த கண்ணாடி வழியாக. வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த கம்ப்யூட்டர் கடையில் பிரபாகர் மூன்று லேப்டாப்புகளை வரிசையாகத் திறந்து வைத்தார்.

"உங்க வேலைக்கு ஸ்க்ரீன்தாம்மா முக்கியம். ராம், மெமரியெல்லாம் அப்புறமா ஏத்திக்கலாம். ஸ்க்ரீன் மட்டமா அமைஞ்சுட்டா கலர் எல்லாம் தப்பாத் தெரியும்" என்றவர், மூன்றிலும் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்தார். "எங்கியாவது மங்கலா, புள்ளியா இருந்தா இதுல தெரிஞ்சுடும்."

யுவராணி முதல் திரையைப் பார்த்தாள். இடதுபக்கம், கீழ் மூலையில், சாம்பல் நிறத்தில் ஒரு நிழல்.

"அண்ணா, இந்த மூலைல இருட்டா இருக்குதுங்க."

பிரபாகர் குனிந்து பார்த்தார். துணியால் துடைத்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலியேம்மா. சரி, அடுத்ததப் பாருங்க."

அடுத்ததிலும் அதே மூலையில் அதே நிழல். அவள் மூன்றாவதுக்கு நகர்ந்தாள். அங்கேயும் இருந்தது. பிரபாகர் இப்போது திரையைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார்.

யுவராணி வலது கண்ணை மூடினாள். எல்லாம் வழக்கம்போல் கலங்கலாகத் தெரிந்தது, நிழல் இல்லை. கண்ணைத் திறந்தாள். நிழல் இருந்தது. அவள் சுவரைப் பார்த்தாள். சுவரிலும் இருந்தது.

மூன்று நாளாகக் கண்ணோரத்தில் வெட்டி வெட்டி மறைந்த மின்னல் நினைவுக்கு வந்தது. சரியாகத் தூங்காததால் இருக்கும் என்று அதை விட்டிருந்தாள்.

"என்ன யுவா, எது புடிச்சிருக்குது?" என்றாள் அம்மா.

"யோசிச்சுச் சொல்றோம்ணா" என்று பிரபாகரிடம் சொல்லிவிட்டு அவள் எழுந்தாள். சென்னம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு மாதமாக நச்சரித்தவள், பத்து நிமிஷத்தில் எழுந்துவிட்டாளே என்று முனகியபடி பின்னால் வந்தாள்.

பாலக்கோடு வழியாகப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. யுவராணி யாரிடமும் பேசாமல், முன்சீட்டின் கம்பியையே பார்த்துக்கொண்டு வந்தாள். கம்பியின் இடது முனை மட்டும் தெரியவில்லை. சொன்னால் படிப்பு நின்றுவிடும் என்பது ஒரு பயம். சொன்னவுடன் அம்மாவின் முகம் எப்படி மாறும் என்பது அதைவிடப் பெரிய பயம். இதெல்லாம் சோர்வுதான், வீட்டுக்குப் போய்ப் படுத்து எழுந்தால் போய்விடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி கம்பியைப் பார்த்தாள். இப்போது பாதிக் கம்பி இல்லை.

கண்டக்டர் டிக்கெட் கொடுக்க வந்தார். நிமிர்ந்து பார்த்தபோது அவருடைய நெற்றியும் மூக்கும் தெரிந்தன. ஒரு பக்கத் தாடையைக் காணவில்லை.

"அம்மா" என்றாள். அம்மாவின் கையைப் பிடித்தாள். "அம்மா, எனக்குக் கண்ணு மறைக்குது. நல்ல கண்ணு."

சென்னம்மாள் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. எழுந்து நின்றுவிட்டாள். "ஏங்க, வண்டிய நிறுத்துங்க."

"ஸ்டாப்பிங் புலிகரைலதான்மா."

"எங்கியாவது நிறுத்துங்க. எம்புள்ளைக்குக் கண்ணு தெரியல."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. டிரைவர் ஓரங்கட்டினார். இறங்கியதும் சென்னம்மாள் சாலையின் மறுபக்கத்துக்கு மகளை இழுத்துக்கொண்டு ஓடி, தக்காளி ஏற்றிக்கொண்டு தருமபுரிப் பக்கம் போன டெம்போவைக் கை காட்டி மறித்தாள். டிரைவருக்குப் பக்கத்தில் இருவரும் நெருக்கி உட்கார்ந்தார்கள்.

"எப்பலேர்ந்து?"

"நிழலு இன்னைக்குத்தான். மூணு நாளா மின்னல் மாதிரி வெட்டுச்சு."

"மூணு நாளா" என்று திரும்பச் சொன்னாள் சென்னம்மாள். திட்டுவாள் என்று யுவராணி காத்திருந்தாள். "நான் அஞ்சு வருசம் விட்டேன்" என்று மட்டும் சொன்னாள் அம்மா. பிறகு மகளின் மணிக்கட்டைப் பிடித்த பிடியைத் தளர்த்தவே இல்லை.

கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்தார்கள். டாக்டரம்மா நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். மேலே பார், கீழே பார் என்றார்.

"கண்ணுக்குப் பின்னால விழித்திரைன்னு ஒண்ணு இருக்குது" என்றார் டாக்டர் கடைசியில். "சுவத்துல ஒட்டின காகிதம் ஓரத்துல உரிஞ்சு வருமில்ல, அந்த மாதிரி உரிஞ்சுட்டு வருது. நடுப்பாகம் இன்னும் ஒட்டித்தான் இருக்குது. அது உரியறதுக்குள்ள ஆபரேஷன் பண்ணிடணும். சேலத்துக்கு எழுதித் தரேன். வூட்டுக்குப் போகாதீங்க, இப்படியே கெளம்புங்க."

"கம்ப்யூட்டர் பாத்ததுனாலயாங்க?" என்று கேட்டாள் சென்னம்மாள்.

"இல்லம்மா. கண்ணாடி பவர் இவ்ளோ அதிகமா இருக்கறவங்களுக்கு இது வரலாம். மின்னல் வெட்டினா அன்னைக்கே வரணும், அதுதான் விசயம்."

"பார்வை வந்துடுங்களா?"

டாக்டர் சேலத்துக்கான சீட்டை எழுதிக் கையில் கொடுத்தார். "சீக்கிரம் போங்க" என்றார்.

மறுநாள் காலை சேலத்தில் ஆபரேஷன் நடந்தது. உரிந்தது மறுபடி ஒட்டிக்கொள்வதற்காக விழியைச் சுற்றி உள்ளேயே ஒரு பட்டை வைத்துத் தைத்திருப்பதாகச் சொன்னார்கள். அப்பா ஓசூரிலிருந்து நேராக வந்து வராந்தாவில் நின்றார். வலது கண்ணைக் கட்டிவிட்டதால் யுவராணிக்கு இடது கண் மட்டுமே மிச்சம். அம்மா பக்கத்தில் ஒரு பச்சை நிறமாக இருந்தாள். அந்தப் பச்சை நகர்ந்து வெளியே போனபோதெல்லாம் "அம்மா" என்று கூப்பிட்டாள். நர்ஸ் கொண்டுவந்த டம்ளரை எடுக்கப் போய், காற்றைப் பிடித்தாள். இதுதான் இனி வாழ்க்கை என்றால் என்ன செய்வது என்று நினைத்தாள். எழுத்து இல்லை, வண்ணம் இல்லை, பஸ்ஸின் பெயர்ப் பலகைகூட இல்லை. அழுதால் தையலுக்கு ஆகாதோ என்று பயந்து, அழாமல் கிடந்தாள்.

கட்டைப் பிரித்த நாளில் வெளிச்சம் குத்தியது. எல்லாம் நீரில் மிதப்பதுபோல் இருந்தது. டாக்டர் விரல்களை நீட்டினார்.

"எத்தனை?"

"மூணு."

"இடதுபக்கம், கீழ?"

அவள் மெல்லப் பார்த்தாள். "அங்கியும் தெரியுது. ஆனா கதவு ஓரம் நெளியுதுங்க."

"கொஞ்ச நாள் நெளியும். அந்த நெளிவு கொஞ்சம் கடைசி வரைக்கும் இருந்துடலாம். இந்தப் பார்வைய வெச்சுப் படிக்கலாம், வேலை பாக்கலாம்."

சென்னம்மாள் சுவரோரம் போய்த் திரும்பி நின்றுகொண்டாள்.

ஏழு வாரம் கழித்து சென்னம்மாள் தனியாகவே பிரபாகர் கடைக்குப் போய், சிறிய லேப்டாப் வேண்டாம், நல்ல அகலமான திரையோடு மேஜைக் கம்ப்யூட்டர் வேண்டும் என்று கேட்டு வாங்கி வந்தாள். கிட்டே குனியாமல் பார்க்கிற மாதிரி வேண்டும் என்றாளாம். யுவராணி மனதில் நினைத்திருந்தது அதுவல்ல. மறுத்துப் பேசத் தோன்றவில்லை. இரண்டு நாள் அதன்மேல் துண்டு போர்த்தியே வைத்திருந்தாள். மூன்றாம் நாள் மத்தியானம் அம்மா சமையல் கூடத்திலிருந்து வந்தபிறகு, பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டு சுவிட்சைப் போட்டாள்.

புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறந்து, தலைப்புக்குக் கீழே ஒரு கோடு இழுத்தாள். கோடு நடுவில் லேசாகத் தொய்ந்து தெரிந்தது. மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"என்னாச்சு?"

"கோடு வளைஞ்சு தெரியுதும்மா."

சென்னம்மாள் எட்டிப் பார்த்தாள். "எனக்கு நேராத்தான் இருக்குது."

யுவராணி கோட்டின் அளவுகளைத் திறந்து பார்த்தாள். சாய்வு பூஜ்யம் என்று இருந்தது. நெடுநேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கோட்டை அப்படியே விட்டுவிட்டு அதன் கீழே முதல் வரியைத் தட்டினாள்.